பாத்திரமறிந்து பிச்சையிடும் அரசு

நிபந்தனையற்ற அடிப்படை வருமானம் என்ற பேச்சு நம் பல்கலைக்கழக வட்டாரங்களில் எழும்போதெல்லாம், அரசியலில் எதிரெதிர்த் துருவங்களில் நிற்கும் நண்பர்கள் வியப்பூட்டும் வகையில் ஒரே அணியில் சேர்ந்துவிடுகிறார்கள். ஒருவர் உழைப்பின் மாண்பைப் பேசுகிறார். மற்றவர் வரி செலுத்துவோரின் பணத்தைப் பேசுகிறார். இருவரும் இறுதியில் வந்து சேரும் கேள்வி ஒன்றுதான்: உழைக்காதவனுக்கு எதற்காகக் கொடுக்க வேண்டும், அது எப்படி நியாயமாகும்? கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தால் பொருளியல் துறை நண்பர்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கியிருப்பேன். கேட்கப்படுவதோ நியாயம் பற்றிய கேள்வி. அதற்கு விடை சொல்லப் பொருளியல் பட்டம் தேவையில்லை. நான் பயின்றது மொழியியல். அரசு தன் மக்களைக் குறிக்க என்னென்ன சொற்களைக் கையாள்கிறது என்று உற்றுப் பார்க்கும் பழக்கம் அதனால் வந்தது. மேற்கண்ட கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்தச் சொற்களிலேயே கிடக்கிறது என்பது என் வாதம்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஒவ்வொரு தனி மனிதருக்கும், குடும்பத் தலைவர் வழியாக அல்லாமல் நேரடியாக, மாதந்தோறும், பணமாக, ஏழையா என்றோ வேலைக்குப் போனாயா என்றோ கேளாமல் அரசு வழங்கும் தொகையே அடிப்படை வருமானம். இந்தியாவில் இது ஏதோ ஆய்வேடுகளுக்குள் மட்டும் உலவிய கருத்தன்று. 2016-17ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை, அன்றைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியனின் பொறுப்பில், இதற்கென ஓர் இயலையே ஒதுக்கியது. ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய், மக்களில் 75 விழுக்காட்டினருக்கு என்று கணக்கிட்டு, செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 4.9 விழுக்காடு ஆகும் என்றது. 'அனைவருக்கும்' என்று தலைப்பிட்டுவிட்டு அடுத்த சில பக்கங்களிலேயே கால்வாசி மக்களைக் கழித்துவிட்ட அந்த அறிக்கையின் இலக்கணம் தனி ஆய்வுக்குரியது. அதை விடுவோம்.

நான் சொல்ல வந்தது வேறொரு சொல்லைப் பற்றி. இந்தியில் வெளியாகும் எந்த நலத்திட்ட விளம்பரத்தையும் எடுத்துப் பாருங்கள். யார் விண்ணப்பிக்கலாம் என்று விளக்கும் பகுதியின் தலைப்பு 'பாத்ரதா' என்றிருக்கும். தகுதியுள்ளவர் 'பாத்ர', பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர் 'அபாத்ர'. இது அலுவலகம் புதிதாகப் புனைந்த கலைச்சொல் அன்று. தானத்தைப் பற்றிப் பேசும் தருமசாத்திர மரபில், தானம் பெறத் தக்கவனுக்குப் பெயர் பாத்திரம். யாருக்குக் கொடுத்தால் கொடுத்தவனுக்குப் புண்ணியம் சேரும் என்பதே அங்கே விசாரணை. வேதம் கற்ற பிராமணனே சிறந்த பாத்திரம் என்பது அதன் முடிவு. நம் வீடுகளில் வழங்கும் பழமொழியும் இங்கிருந்து வந்ததே: பாத்திரமறிந்து பிச்சையிடு, கோத்திரமறிந்து பெண்ணைக் கொடு. பிச்சை வாங்கும் திருவோட்டைத்தான் அது சொல்கிறது என்று சிறுவயதில் நம்மில் பலர் நினைத்திருப்போம். அது ஓட்டைச் சொல்லவில்லை, ஆளைச் சொல்கிறது. பழமொழியின் இரண்டாம் பாதி எதைச் சொல்கிறது என்பதை இந்தப் பதிவைப் படிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தமிழ் மட்டும் தப்பிவிட்டது என்று மகிழ வேண்டாம். நாம் 'தகுதி' என்கிறோம். விண்ணப்பப் படிவத்தின் நிபந்தனையைக் குறிக்கவும் மனிதனின் மதிப்பைக் குறிக்கவும் நம்மிடம் இருப்பது இந்த ஒரே சொல். 'தகுதியற்றவர்' என்று கணினித் திரை காட்டும்போது, வருமான வரம்பை மீறியவர் என்ற பொருளோடு அது நின்றுவிடுவதில்லை. வட்டாட்சியர் அலுவலக வரிசையில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டுத் திரும்பும் ஒரு முதியவளிடம், இங்கே இரு வேறு பொருள்கள் உள்ளன என்று விளக்கிப் பாருங்கள்.

ஆகவே நிபந்தனை என்பது வெறும் நிர்வாக ஏற்பாடு, பணம் வீணாகாமல் தடுக்கும் வடிகட்டி என்று சொல்வோரிடம் எனக்கு உடன்பாடில்லை. அது கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையிலான உறவை வரையறுக்கிறது. அந்த உறவு யாருக்கு எப்படி மாறுகிறது என்பதற்குத் தெலங்கானாவைவிடத் துலக்கமான சான்று கிடைப்பது அரிது.

2018ஆம் ஆண்டு மே மாதம் அங்கே 'ரைது பந்து' தொடங்கப்பட்டது. பந்து என்றால் உறவினன், நண்பன். ஏக்கருக்குப் பருவத்துக்கு 4,000 ரூபாய், இரு பருவங்களுக்கு 8,000 ரூபாய், நிலத்தின் உரிமையாளருக்கு. பின்னர் அது பருவத்துக்கு 5,000 ஆயிற்று. நில அளவுக்கு உச்சவரம்பு வைக்கப்படவில்லை. வருமானம் கேட்கப்படவில்லை. பயிரிட்டாயா என்றுகூடக் கேட்கப்படவில்லை. பட்டா இருந்தால் போதும். ஒரு ஏக்கர் வைத்திருந்தவருக்கு முதலாண்டில் 8,000 ரூபாய். 50 ஏக்கர் வைத்திருந்தவருக்கு 4 லட்சம். அந்த 50 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, விதை வாங்கி, கடன்பட்டு, வெயிலில் நின்ற கௌலு ரைதுக்கு, அதாவது குத்தகை விவசாயிக்கு, ஒன்றுமில்லை. குத்தகைதாரர்களைச் சேர்க்க இயலாது என்று அன்றைய முதலமைச்சர் சந்திரசேகர ராவ் வெளிப்படையாகவே கூறினார். நிலமற்ற கூலித் தொழிலாளியின் பெயர் பேச்சிலேயே அடிபடவில்லை. 2019இல் ஒன்றிய அரசு அறிவித்த பிரதமர் கிசான் திட்டமும் ஆண்டுக்கு 6,000 ரூபாயை நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கே தருகிறது. தொடக்கத்தில் இருந்த 2 ஹெக்டேர் வரம்பும் சில மாதங்களில் நீக்கப்பட்டது.

இவற்றைக் கூர்ந்து பாருங்கள். நிபந்தனையற்ற வருமானம் இந்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நிலம் இருப்பவனுக்கு இருக்கிறது. அவன் சோம்பேறியாகிவிடுவான் என்று எந்தத் தலையங்கமும் கவலைப்படவில்லை.

ஆட்சி மாறி, 2025 சனவரியில் அத்திட்டம் 'ரைது பரோசா' என்று பெயர் மாற்றம் பெற்றது. பயிரிடத் தகுந்த நிலத்துக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். கூடவே, நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பங்களுக்கென 'இந்திரம்மா ஆத்மீய பரோசா' என்றொரு திட்டமும் வந்தது. அதிலும் ஆண்டுக்கு 12,000 ரூபாய்தான். நிலமற்றவரை ஒரு பொருட்டாக எண்ணிய வகையில் இது முன்னதைவிட மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இரண்டு வேறுபாடுகளைப் பாருங்கள். நிலம் உடையவருக்கு 12,000 என்பது ஏக்கருக்கு. நிலமற்றவருக்கு 12,000 என்பது ஒரு குடும்பத்துக்கு. அடுத்து, நிலமற்ற குடும்பம் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் ஓராண்டில் குறைந்தது 20 நாள் உழைத்திருக்க வேண்டும். உழைப்பை மெய்ப்பிக்க வேண்டிய கடமை உழைப்பைத் தவிர வேறெதுவும் இல்லாதவனுக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. ஒரே அரசு, ஒரே மாதம், ஒரே தொகை. நியாயம் பற்றிய நம் உள்ளுணர்வு எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

மெய்யியல் படித்த நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். பெறுபவன் ஏதேனும் ஒரு வகையில் சமூகத்துக்குப் பங்களிக்க வேண்டும் என்பது கைம்மாறு என்னும் நியாயக் கொள்கை. அதைச் சாதியம் என்று தள்ளிவிட முடியாது என்பார்கள். உண்மைதான், தள்ளிவிடவில்லை. நாள் முழுவதும் மாலிபு கடற்கரையில் அலைச்சறுக்கு ஆடிக் கழிப்பவர்கள் தங்கள் பிழைப்புக்கான வழியைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும், பொதுநிதியைக் கோர முடியாது என்று ஜான் ரால்ஸ் 1988இல் எழுதினார். அலைச்சறுக்கு ஆடுபவர்களுக்கும் சோறிட வேண்டும் என்று 1991இல் பிலிப் வான் பரீஸ் எழுதிய மறுப்புரை இத்துறையில் புகழ்பெற்றது. அந்த விவாதத்தை நம் கருத்தரங்குகளில் அப்படியே ஒப்பிக்கிறோம். மாலிபு கடற்கரையை இந்தியாவில் எங்கே தேடுவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிடுவதாகவும் ஆண்கள் 97 நிமிடங்களைச் செலவிடுவதாகவும் காட்டியது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம். நாட்டின் உற்பத்திக் கணக்கில் இது சேராது, 'வேலை பார்க்கிறாயா?' என்ற கேள்விக்கு இப்பெண்களே 'இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்' என்று விடையளிப்பார்கள். தமிழில் 'சும்மா' என்ற சொல் சுமக்கும் சுமைக்கு அளவேயில்லை. கைம்மாறு கொள்கையை நேர்மையாகக் கையாள்வதானால், முதலில் தீர்க்கப்பட வேண்டிய கடன் இதுதான். இந்நாட்டில் கொடுக்காமல் பெறுபவன் என்று எவனையாவது சுட்ட வேண்டுமானால், தட்டு முன்னே வந்து விழுவதை இயற்கையின் நியதி என்று எண்ணும் நடுத்தர வகுப்பு ஆண்மகனைச் சுட்டலாம். அவன் அலைச்சறுக்குப் பலகைகூட வாங்கியதில்லை. சிலருடைய கைம்மாறு மட்டுமே கண்ணுக்குத் தெரியும் வகையில் கணக்கேடு அமைக்கப்பட்டிருக்கும்போது, கைம்மாற்றை நிபந்தனையாக்குவது அந்தக் கணக்கேட்டின் அநீதியை மீண்டும் ஒருமுறை கையொப்பமிட்டு ஏற்பதாகும்.

நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். இளநிலை ஆய்வு நல்கை பெறும் நண்பர்களுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்; அது கிட்டாத, மத்தியப் பல்கலைக்கழகங்களில் பயிலும் முனைவர் பட்ட மாணவருக்கு 8,000 ரூபாய். இரண்டும் மக்கள் பணம். நம்மில் எத்தனை பேருடைய ஆய்வேட்டால் சமூகத்துக்கு இன்ன பயன் என்று அளந்து காட்ட முடியும்? என்னுடையது வினையெச்சங்களைப் பற்றியது. அளந்து காட்டச் சொன்னால் நான் தலைகுனிய வேண்டியதுதான். ஆயினும் அந்தப் பணத்தை நாம் பிச்சை என்று கருதுவதில்லை; சிந்திக்கச் சமூகம் தந்த ஓய்வு என்று கருதுகிறோம். அப்படிக் கருதுவது சரியென்றே நினைக்கிறேன். அந்த ஓய்வு ஒரு செங்கல் சூளைத் தொழிலாளிக்கு ஏன் கூடாது என்பதற்குத்தான் எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

இனி, பொதுச்சொத்து பற்றிய வாதம். நிலம் யாருடைய உழைப்பாலும் உண்டானதன்று, ஆகவே அதைத் தனியுடைமையாக்கியவர்கள் மற்றவர்களுக்கு ஈடு செலுத்தக் கடன்பட்டவர்கள் என்று தாமஸ் பெயின் 1797இல் எழுதினார். 21 வயதை அடையும் ஒவ்வொருவருக்கும் 15 பவுன், 50 வயதைக் கடந்தோருக்கு ஆண்டுதோறும் 10 பவுன் என்பது அவர் கணக்கு. அது ஈகையன்று, உரிமை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நிலத்தோடு இந்த வாதம் நிற்பதில்லை. என் துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். எந்த மொழியையும் தனியொருவர் படைக்கவில்லை. எண்ணற்ற தலைமுறைகளின் வாயில் உருண்டு தேய்ந்து வந்தது அது. அந்த மொழியைக் கொண்டே வழக்கறிஞர் வாதாடுகிறார், விளம்பரக்காரர் விற்கிறார், இன்று மொழிமாதிரி நிறுவனங்கள் நாமெல்லாம் எழுதிக் குவித்ததை அள்ளிக்கொண்டு செல்வம் ஈட்டுகின்றன. எண் முறை, நெல் வகைகள், மருத்துவ அறிவு, சாலைகள், சட்ட ஒழுங்கு என எல்லாமும் அப்படியே. ஒருவர் ஈட்டும் பணத்தில் அவருடைய தனி முயற்சிக்கு உரியது எவ்வளவு, முன்னோரிடமிருந்து இலவசமாகக் கைக்கு வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், 'என் வரிப்பணம்' என்ற முழக்கத்தின் சுருதி தானாகவே இறங்கிவிடும்.

இலவசம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தியாவில் மரணச் சொத்துவரி 1953இல் வந்து 1985இல் ஒழிக்கப்பட்டது. செல்வ வரி 2015 வரவுசெலவுத் திட்டத்தில் நீக்கப்பட்டது. பிறந்த ஒரே காரணத்துக்காகக் கோடிகளைப் பெறுபவர் இங்கே ஒரு ரூபாய்கூட மரபுரிமை வரி செலுத்த வேண்டியதில்லை. அது நிபந்தனையற்ற வருமானத்தின் தூய வடிவம். ஆனால் நகர்ப்புற வீடற்றோர் பற்றிய வழக்கொன்றில், 2025 பிப்ரவரியில், உச்ச நீதிமன்ற அமர்வு வாய்மொழியாக 'ஒட்டுண்ணி' என்ற சொல்லைப் பயன்படுத்தியபோது அது சொத்து வாரிசுகளைக் குறிக்கவில்லை; இலவசம் பெறும் ஏழைகளைக் குறித்தது.

உழைப்பின் மாண்பைப் பேசும் இடதுசாரி நண்பர்களுக்கு ஒரு சொல். சாதி வெறும் தொழிற்பிரிவினையன்று, தொழிலாளர்களையே பிரித்து அடுக்கும் ஏற்பாடு என்று அம்பேத்கர் 1936இல் சொன்னதை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அப்படி அடுக்கப்பட்ட சமூகத்தில், 'வேலை செய்தால்தான் சோறு' என்னும் விதி எல்லார் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஒருவரை அது வங்கித் தேர்வுக்குப் படிக்கத் தூண்டும். இன்னொருவரை மலக்குழிக்குள் இறக்கும். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னும் குழிகளில் மரணங்கள் தொடர்கின்றன. அந்த வேலையை விடுவோருக்கு மறுவாழ்வுத் தொகையாக ஒரே தடவை 40,000 ரூபாய் தரப்படுகிறது. அடுத்த மாதம் அடுப்பெரியும் என்ற உறுதி இல்லாதவரிடம் 'மறுத்துவிடு' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருப்பவனின் உழைப்புக்குத்தான் மாண்பு உண்டு. மற்றதற்கு வேறு பெயர்.

மக்கள் சோம்பிவிடுவார்கள் என்ற அச்சத்துக்குச் சான்று உண்டா? மத்தியப் பிரதேசத்தில் சேவா அமைப்பு யுனிசெஃப் உதவியோடு 2011 முதல் சில கிராமங்களில் இதைச் சோதித்துப் பார்த்தது. பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய். பின்னர் 300, 150. எந்த நிபந்தனையும் இல்லை. குடி பெருகியதற்குச் சான்று கிடைக்கவில்லை. உழைப்பு குறையவில்லை, பலர் கூலி வேலையிலிருந்து சொந்த நிலத்துக்கும் சொந்தத் தொழிலுக்கும் நகர்ந்தார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் பண்ணையாருக்கு இது சோம்பலாகத் தோன்றியிருக்கலாம். சிறிய சோதனை, சிறிய காலம். இதை வைத்து எல்லாவற்றையும் மெய்ப்பித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். எதிர்த்தரப்பிடம் அந்த அளவுக்கும் ஒன்றுமில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

பணக்காரனுக்கும் ஏன் தர வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அவனுக்குத் தந்ததை வரியாகத் திரும்பப் பெறலாம். ஏழையைத் தேடிப் பிரிக்கும் சல்லடையில் விழுந்த உயிரைத் திரும்பப் பெற முடியாது. ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படவில்லை என்பதால் அக்குடும்பத்தின் ரேஷன் அட்டை அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தது. பட்டினியால் இறந்தாளா, மலேரியாவாலா என்று அரசும் ஆர்வலர்களும் நெடுநாள் வழக்காடினார்கள். அட்டை ஏன் இல்லை என்ற கேள்வியின் முன் அந்த வழக்காடலுக்கு என்ன மதிப்பு?

பெயர்களைக் கவனியுங்கள்: மத்தியப் பிரதேசத்தில் 'லாட்லி பெஹனா', செல்லச் சகோதரி, மகாராஷ்டிரத்தில் 'லாட்கி பஹீண்', அதுவும் அதே, கர்நாடகத்தில் 'கிருக லட்சுமி'. முதலமைச்சர் அண்ணனாகிவிடுகிறார். அண்ணனிடம் தங்கை சீர் கேட்கலாம், கணக்குக் கேட்க முடியாது. இவற்றுக்கிடையே தமிழ்நாட்டின் மகளிர் திட்டம் 2023இல் 'உரிமைத்தொகை' என்று பெயர் சூட்டிக்கொண்டதை நான் உளமார வரவேற்றேன். ஆனால் ஆண்டுக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டாலோ, மின்சாரம் 3,600 யூனிட்டைத் தாண்டினாலோ உரிமை அற்றுப்போகும் என்று விதியும் கூடவே வந்தது. மின்மானி ஓட ஓடத் தேயும் ஒன்றுக்கு உரிமை என்று பெயரிட மொழி இடம் தருகிறது, இலக்கணம் இடம் தராது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் இரத்தலுக்கு மூன்று வினைகளை வகுக்கிறது: தாழ்ந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். குடியரசில் குடிமக்கள் அரசிடம் எந்த வினையைப் பயன்படுத்த வேண்டும்? பாத்திரமறியும் அரசுக்கு முதல் வினை மட்டுமே காதில் விழுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, என் அணியிலேயே நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் சிலரிடமிருந்து விலகி நிற்கவும் கடமைப்பட்டிருக்கிறேன். ரேஷன், சத்துணவு, வேலை உறுதி எல்லாவற்றையும் மூடிவிட்டு அந்தப் பணத்தை ஆளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்கிறவர்கள் அவர்கள். ராஞ்சியை அடுத்த நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் அப்படி ஒரு சோதனை நடந்தது. கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்த அரிசியை, வங்கிக் கணக்கில் விழும் மானியத்தை எடுத்து வந்து 32 ரூபாய்க்கு அதே ரேஷன் கடையில் வாங்கச் சொன்னார்கள். பணம் விழுந்ததா என்று பார்க்க வங்கிக்கு ஒரு நடை, எடுக்க ஒரு நடை, கடைக்கு ஒரு நடை. மக்களில் மிகப் பெரும்பான்மையினர் எதிர்த்தனர், ஊர்வலம் போனார்கள், மறு ஆண்டே அரசு அதைக் கைவிட்டது. இருக்கும் உரிமையைப் பிடுங்கி அதற்கு விலையாகத் தருவதை அடிப்படை வருமானம் என்று அழைப்பது சொற்கொலை. விலைவாசியோடு உயராத எந்தத் தொகைக்கும் அந்தப் பெயர் பொருந்தாது.

பணம் எங்கே என்பார்கள். 2019 செப்டம்பர் 20 அன்று நிறுவன வரியின் அடிப்படை விகிதம் 30 விழுக்காட்டிலிருந்து 22ஆகக் குறைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். பணம் எங்கே என்று அன்று கேட்டவர்கள் குறைவு. முதலீட்டைப் பெருக்கிக் காட்டிய பிறகே சலுகை என்ற நிபந்தனையும் இல்லை.

நாளையே எல்லாருக்கும் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. தொடங்குவதற்கு இரண்டு இடங்கள் கண்முன்னே இருக்கின்றன. முதியோர் ஓய்வூதியத்தில், 60 முதல் 79 வயது வரையுள்ள வறியவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதே 200. வறுமைக்கோட்டுப் பட்டியலைத் தூக்கியெறிந்து, வயதை மட்டும் கேட்டு, அந்தத் தொகையை மனிதர் வாழக்கூடிய தொகையாக்கலாம். இன்னொன்று, 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு. அரசுப் பணியாளர் நீங்கலாக, கருவுற்ற பெண் ஒவ்வொருவருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேற்றுத் தொகை உண்டு என்று நாடாளுமன்றமே எழுதிய சட்டம் அது. 2017இல் நடைமுறைக்கு வந்த திட்டமோ அதை 5,000 ஆக்கியது. முதல் குழந்தைக்கு மட்டும் என்றது. பதிவு, பரிசோதனை, தடுப்பூசி எனத் தவணைதோறும் சான்று கேட்டது. 2022இல், இரண்டாவது குழந்தை பெண்ணாகப் பிறந்தால் 6,000 ரூபாய் என்று திருத்தினார்கள். இரண்டாவதும் ஆணாகப் பிறந்துவிட்டால் தாய் 'அபாத்ர'.